ஒரு மாதம் செய்த சக்கரம்: குத்துச்சண்டை வீரர்களின் தலைசிறந்த ஆட்டங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியின் பின்கொட்டகையில் மாலை வேளைகளில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறோம். உத்திரத்தில் மூன்று சாக்குப் பைகள் தொங்குகின்றன. உள்ளே தையல் கடைகளில் வாங்கிய துண்டுத் துணி. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கிடையாது. சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, புரொஜெக்டரில் பழைய சண்டைகளைப் போட்டுப் பார்ப்போம். கிருஷ்ணகிரி, பர்கூர், பாலக்கோடு, தருமபுரியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. விளக்கைப் போட்டதும் கேள்விகள் தொடங்கும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. வாரா வாரம் தொண்டை வறளப் பேசுவதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

"தலைசிறந்த ஆட்டம்" என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

நம் ஊர் அரசன் ஒருவனைப் பற்றிய பாட்டை வைத்துத்தான். தகடூரை ஆண்ட அதியமானைப் பற்றிப் பகைவர்களை எச்சரிக்கும்போது ஔவையார் ஓர் உவமை சொல்கிறார்: ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் முழுதும் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்டவன் எங்கள் வீரன். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது இதன் அருமை தெரியவில்லை. கையில் கிளவுஸ் மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஒரு தொழில்முறை வீரர் 50, 60 முறை ரிங்கில் ஏறுகிறார். பெரும்பாலானவை எட்டுத் தேர் கணக்குதான். வேலை சுத்தமாக இருக்கும், பணம் வரும், அடுத்த மாதம் மறந்துபோகும். எப்போதாவது ஒரு நாள் அந்தச் சக்கரம் உருளும். அதைத்தான் தேடுகிறோம்.

எனக்கு அளவுகோல் எதிராளிதான். எதிரில் நின்றவர் அன்று என்ன நிலையில் இருந்தார்? அவருக்குக் கைவந்த வித்தையை இவர் செய்யவிட்டாரா? பட்டம், பரிசுப் பணம், கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகு. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் கொட்டகையில் பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் டீ உண்டு.

முகமது அலி என்றால் கின்ஷாசாதானே அண்ணா?

1974 அக்டோபர் 30. அன்றைக்கு ஜைர் என்று பெயர் இருந்த நாட்டின் தலைநகரில், விடியாத நேரத்தில் நடந்த சண்டை. ஜார்ஜ் ஃபோர்மனுக்கு வயது 25. ஏறிய 40 சண்டையிலும் வெற்றி, அதில் 37 நாக் அவுட். அலிக்கு 32. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் நல்ல வயதில் மூன்றரை ஆண்டுகளை இழந்தவர். அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃபிரேசியரையும் கென் நார்ட்டனையும் ஃபோர்மன் ஆளுக்கு இரண்டு சுற்றில் முடித்து அனுப்பியிருந்தார். அலி உயிரோடு திரும்ப வேண்டுமே என்று அவருடைய ஆட்களே கவலைப்பட்ட சண்டை அது.

அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடிகளைக் கைகளில் வாங்கி, ஃபோர்மனைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவது முதல் சுற்றை. அலி திரும்பத் திரும்ப வலது கையை முதல் குத்தாகவே விடுகிறார். வலது கை பின்னால் நிற்கும் கை. எதிராளியைத் தொட அது போக வேண்டிய தூரம் அதிகம். போய்ச் சேர்வதற்குள் அவர் திருப்பி அடித்துவிடலாம். எங்கள் கொட்டகையில் ஒரு பையன் இப்படிச் செய்தால் அன்று கூடுதலாக இருபது நிமிடம் அவன் கயிறு தாண்ட வேண்டும். அப்படிப்பட்ட குத்தை உலகத்திலேயே பலமாக அடிக்கும் ஆள்மீது எடுத்த எடுப்பில் விடுவதற்கு நெஞ்சுரம் மட்டும் போதாது. ஃபோர்மன் இதற்காகத் தயாராகியிருக்க மாட்டார் என்ற கணக்கும் வேண்டும்.

ஆனால் கைவேலையின் நேர்த்தியை மட்டும் பார்த்தால் இன்னொரு சண்டை இருக்கிறது: 1966 நவம்பர் 14, ஹூஸ்டன், கிளீவ்லாந்து வில்லியம்ஸ். அலிக்கு 24 வயது. பின்னால் நகர்ந்துகொண்டே அடிக்கிறார். அடித்த இடத்தில் அடுத்த நொடி இல்லை. மூன்றாவது சுற்றில் முடிந்துவிடுகிறது. பர்கூர் நண்பர் ஒருவர் இதுதான் அலியின் உச்சம் என்று ஆண்டுக்கணக்காக என்னோடு வாதாடுகிறார். என் மறுப்பு ஒன்றே ஒன்று. வில்லியம்ஸை 1964இல் ஒரு போலீஸ்காரர் சுட்டுவிட்டார். ஒரு சிறுநீரகம் போயிற்று. அன்று ரிங்கில் நின்றவர் பழைய வில்லியம்ஸ் அல்ல. எனவே கற்றுக்கொள்ள ஹூஸ்டன், சக்கரம் என்று சொல்ல கின்ஷாசா.

மைக் டைசன் 91 வினாடியில் முடித்தாரே? குறைந்த நேரத்தில் முடிப்பதுதானே பெரிய ஆட்டம்?

எருது விடும் விழா பார்த்து வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த வினாடியில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. காளைக்குப் போட்டி கடிகாரத்தோடு. குத்துச்சண்டையில் எதிரே ஓர் ஆள் நிற்கிறார்.

1988 ஜூன் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் டைசன் வீழ்த்திய மைக்கேல் ஸ்பிங்க்ஸ் அதுவரை தோல்வியே காணாதவர். அந்த வகையில் அது பெரிய வெற்றி. ஆனால் மணி அடிப்பதற்கு முன் ஸ்பிங்க்ஸின் முகத்தைப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிட்டது என்பது என் கருத்து.

வேகமாக முடிந்தவற்றில் எனக்குப் பிடித்தது 124 வினாடி எடுத்த ஒன்று. 1936இல் ஜெர்மானியரான மேக்ஸ் ஷ்மெலிங் ஜோ லூயிஸை 12ஆவது சுற்றில் நாக் அவுட் செய்தார். ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து, விட்ட இடது கையைத் திரும்பக் கொண்டுவரும்போது லூயிஸ் தாழ்த்திவிடுகிறார் என்பதைக் கண்டுபிடித்து, அந்த ஓட்டையில் வலது கையை நுழைத்து நுழைத்தே வென்றார். இரண்டு ஆண்டு கழித்து, 1938 ஜூன் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். அதற்குள் லூயிஸ் உலகச் சாம்பியன். ஹிட்லரின் ஜெர்மனி ஷ்மெலிங்கைத் தன் இனப் பெருமைக்குச் சாட்சியாகக் காட்டிக்கொண்டிருந்தது. லூயிஸ் இம்முறை ஓட்டையைத் திறக்கவே இல்லை. மணி அடித்ததும் நேராகப் போய் ஷ்மெலிங்கைக் கயிற்றோடு நிறுத்தி அடித்தார். மூன்று முறை விழுந்தார் ஷ்மெலிங். அங்கிருந்து மருத்துவமனைக்குத்தான் போனார். தன்னை ஏற்கெனவே படித்துவிட்ட ஒருவரிடம் திரும்பிப் போய், அவர் படித்ததைச் செல்லாததாக்கினார் லூயிஸ். 91 வினாடியில் இந்தக் கதை இல்லை.

ஒரே ஒரு சண்டை பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

சால்வடோர் சான்செஸ், வில்ஃபிரெடோ கோமெஸ். 1981 ஆகஸ்ட் 21, லாஸ் வேகாஸ். அலியும் டைசனும் தெரிந்த பையன்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. அதனாலேயே அடிக்கடி போடுகிறேன்.

கோமெஸ் புவேர்ட்டோ ரிக்கோக்காரர். ஒரு டிராவைத் தவிர 32 சண்டை, 32 வெற்றி, 32ம் நாக் அவுட். ஒரு எடைப் பிரிவு மேலேறி, மெக்சிகோவின் சான்செஸிடமிருந்து ஃபெதர்வெயிட் பட்டத்தைப் பறிக்க வந்தார். சான்செஸுக்கு 22 வயது. பலர் கோமெஸ்தான் வெல்வார் என்று நினைத்தார்கள்.

முதல் சுற்றிலேயே கோமெஸ் கீழே விழுகிறார். அங்கே நிறுத்திவிடாதீர்கள். எழுந்த கோமெஸ் நிஜமாகவே பெரிய வீரர். அடுத்த சுற்றுகளில் தலையைத் தாழ்த்தி உள்ளே புகுந்து விலாவில் அடிக்கிறார். சான்செஸ் என்ன செய்கிறார்? கயிறுவரை பின்வாங்குகிறார், ஓடுவதுபோல் தெரிகிறது. எங்களிடம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், இரண்டாவது முறை பார்த்தபோதே இதைப் பிடித்துவிட்டாள். "அண்ணா, அவர் பின்னால் போகும்போது காலைப் பாருங்கள், அகலம் மாறவே இல்லை" என்றாள். நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். மேலுடம்பு விலகுகிறது, இரண்டு பாதத்துக்கும் நடுவில் உள்ள தூரம் குறுகுவதே இல்லை. அதனால்தான் கோமெஸின் குத்து மூக்குக்கு முன்னால் வீணாகப் போன அதே நொடியில் திருப்பி அடிக்க அவருக்குத் தரை இருக்கிறது. கால் ஒட்டியிருப்பவன் விலகலாம், அடிக்க முடியாது.

இன்னொன்று அந்த முகம். கோமெஸின் கண்கள் வீங்கிக்கொண்டே போகின்றன. சான்செஸின் முகத்தில் மண்டியில் கணக்கு எழுதுகிறவருடைய அமைதி. எட்டாவது சுற்றில் நடுவர் நிறுத்திவிடுகிறார். 32 பேரை நாக் அவுட் செய்த ஒருவரை அவருடைய வழியிலேயே அனுப்பிவைத்தார் சான்செஸ்.

மறு ஆண்டு ஜூலையில் அசுமா நெல்சனை 15ஆவது சுற்றில் வென்றார் சான்செஸ். மூன்று வாரம் கழித்து, 1982 ஆகஸ்ட் 12 அன்று, கார் விபத்தில் இறந்துபோனார். வயது 23.

வெற்றி பெறாத ஒருவருடைய ஆட்டம் தலைசிறந்ததாக இருக்க முடியுமா?

முடியும். 1993 செப்டம்பர் 10, சான் அன்டோனியோ. மெக்சிகோவின் ஜூலியோ சீசர் சாவேஸ் 87 சண்டைகளில் தோல்வியே அறியாதவர். பெர்னல் விட்டேக்கர் அவரைப் பன்னிரண்டு சுற்றும் தேட வைத்தார். இடுப்புக்குக் கீழே குனிகிறார், தோளால் திருப்புகிறார், அருகிலேயே நிற்கிறார், ஆனால் கிடைப்பதில்லை. நடுவர் குழுவில் ஒருவர் 115-113 என்று விட்டேக்கருக்குக் கொடுத்தார். மற்ற இருவரும் 115-115. முடிவு டிரா. அன்றைக்கு அங்கே எந்தச் சண்டையைப் பார்த்து அந்தத் தாளை நிரப்பினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பட்டம் விட்டேக்கரிடமே நின்றது, அதுவரைக்கும் சரி.

ஹேக்லர் – ஹெர்ன்ஸ்?

1985 ஏப்ரல் 15, லாஸ் வேகாஸ். மொத்தம் எட்டு நிமிடமும் ஒரு வினாடியும். தாமஸ் ஹெர்ன்ஸின் வலது கை முதல் சுற்றிலேயே உடைந்தது. மார்வின் ஹேக்லரின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. மூன்றாவது சுற்றில் மருத்துவரை அழைத்துக் காயத்தைப் பார்க்கச் சொன்னார் நடுவர். சண்டையை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஹேக்லர் போய் முடித்தார். சண்டையாக இதற்கு இணை குறைவு. ஹேக்லரின் சிறந்த ஆட்டமும் இதுதான். பையன்களுக்கு மட்டும் இதைக் கடைசியாகத்தான் போடுவேன். முதலில் பார்த்துவிட்டால் மறுநாள் ஒருவனும் கையை முகத்துக்குத் தூக்க மாட்டான்.

ஒரே ஒரு நாள் மட்டும் பெரிய வீரராக இருந்தவரைச் சேர்ப்பீர்களா?

நம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். வயல் வரப்பில், ஏரிக்கரையில், தருமபுரி அகழ்வைப்பகத்தில் எத்தனை கற்கள்! ஒருவன் எத்தனை ஆண்டு வாழ்ந்தான், மற்ற நாள்களில் எப்படி இருந்தான் என்று கல் சொல்வதில்லை. மாடு மீட்கப் போன அந்த ஒரு நாள் மட்டும் நிற்கிறது.

பஸ்டர் டக்ளஸுக்கும் அப்படி ஒரு கல் வைக்கலாம். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. தோல்வியே காணாத டைசன் எதிரில். டக்ளஸின் தாய் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீளமான ஜாப்பால் டைசனை உள்ளே வரவிடாமல் சுற்றுக்குச் சுற்று தள்ளி நிறுத்தினார். எட்டாவது சுற்றில் டைசன் கீழிருந்து மேலே விட்ட அப்பர்கட் குத்தில் விழுந்தார், எழுந்தார். பத்தாவதில் டைசன் விழுந்து, கீழே கிடந்த பல்காப்பைத் தடவி எடுத்து வாயில் கோணலாகச் செருகிக்கொண்டு எழ முயன்றார். அந்தக் காட்சியை நிறுத்தினால் கொட்டகையில் பேச்சே இருக்காது. எட்டு மாதம் கழித்து உடல் பெருத்து வந்த டக்ளஸ், எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது சுற்றில் பட்டத்தை இழந்தார். அதனால் டோக்கியோ நாள் குறைந்துவிடுமா என்ன?

என் அபிமான வீரரைக் காணவில்லையே?

கோபப்பட வேண்டாம். ஷுகர் ரே ராபின்சனுக்கு 1951 பிப்ரவரி 14: தன்னை முதன்முதலில் தோற்கடித்த ஜேக் லமோட்டாவை ஆறாவது முறை சந்தித்து, 13ஆவது சுற்றில் மிடில்வெயிட் பட்டத்தை எடுத்தார். ஷுகர் ரே லெனார்டுக்கு 1981இல் ஹெர்ன்ஸுடன் நடந்தது. மூன்று நடுவர் தாளிலும் பின்தங்கியிருந்து 14ஆவது சுற்றில் வென்றார். மேனி பாக்கியோவுக்கு 2009இல் மிகேல் கோட்டோ. பெர்னார்டு ஹாப்கின்ஸுக்கு 2001இல் ஃபெலிக்ஸ் டிரினிடாட். அதுவரை தோற்காத டிரினிடாட் 12ஆவது சுற்றில் வீழ்ந்தார்.

ராபர்ட்டோ டுரானைப் பற்றி மட்டும் இரண்டு வரி அதிகம் எழுதுகிறேன். 1972இல் 61 கிலோ லைட்வெயிட்டில் உலகச் சாம்பியனானவர், 1989இல் தன் 37ஆவது வயதில் 72 கிலோ மிடில்வெயிட்டில், ஹெர்ன்ஸையே நாக் அவுட் செய்திருந்த ஐரன் பார்க்லியைப் புள்ளிகளில் வென்றார். 11ஆவது சுற்றில் அவரைக் கீழேயும் தள்ளினார். 1980இல் லெனார்டுடன் நடந்த மறுசண்டையில் பாதியில் முதுகைத் திருப்பிக்கொண்டவர் என்ற பழியோடு பல ஆண்டு வாழ்ந்த மனிதர் இவர்.

நம் நாட்டவர் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். தொழில்முறைச் சண்டைகளோடு ஒப்பிடாமல் பாருங்கள். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற அமெச்சூர் போட்டிகளில் மூன்று சுற்று, நான்கு சுற்றுதான். அதற்குள் எதிராளியைப் படித்து முடிக்க வேண்டும்.

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் டிங்கோ சிங் வென்ற தங்கம், அடுத்த தலைமுறைக்கே கிளவுஸ் மாட்டிவிட்டது. 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் வாங்கிய வெண்கலம், ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் பதக்கம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் அமித் பங்கால், ரியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மதோவை வென்றார். என் அளவுகோலில் இதுவே முதலில் நிற்கும். நிகத் ஜரீன் 2022 இஸ்தான்புல் உலகப் போட்டி இறுதியில் 5-0 என்று, அதாவது ஐந்து நடுவர்களும் அவருக்கே கொடுக்க, வென்றார்.

மேரி கோமுக்கு எது? லண்டன் ஒலிம்பிக் வெண்கலம் என்பார்கள். 48 கிலோக்காரர் 51 கிலோவுக்கு ஏறி ஆடிய பதக்கம் அது, பெரியதுதான். எனக்கு 2018 டெல்லி. 35 வயதில், பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே, உக்ரைனின் ஹன்னா ஒகோதாவை 5-0 என்று வென்று ஆறாவது உலகப் பட்டம். வயது கொண்டுபோன வேகத்தின் இடத்தில் தூரக் கணக்கை வைத்திருந்தார்.

தமிழ்நாட்டில் வி. தேவராஜன் 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று அர்ஜுனா விருது பெற்றார். வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதை தனிக் கடல், இங்கே இறங்கவில்லை. 1980இல் அலியே சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடினார்.

பழைய சண்டைகளில் மட்டும் ஏன் 15 சுற்று?

பட்டச் சண்டைக்கு அப்போது அதுதான் விதி. 1982 நவம்பரில் தென் கொரியாவின் கிம் டுக் கூ, ரே மன்சினியிடம் 14ஆவது சுற்றில் வீழ்ந்து சில நாளில் இறந்தார். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் உடனே 12 ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் பின்னர் வழிக்கு வந்தன.

இதையெல்லாம் காட்டி என் பிள்ளையை ரிங்கில் ஏற்றிவிடுவீர்களா சார்? மூளைக்கு ஆபத்து இல்லையா?

ஆபத்து உண்டு. இல்லை என்று சொல்கிற பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைப் பாதிக்கிறது. அலிக்கு 1984இல் நடுக்குவாத நோய் இருப்பது தெரியவந்தது. 1975 மணிலாவில் அவரும் ஃபிரேசியரும் மோதிய 14 சுற்றை நாங்கள் ஒரே ஒரு முறைதான் போட்டோம். ஃபிரேசியரின் கண்கள் மூடிப்போன நிலையில், கடைசிச் சுற்றுக்கு அனுப்ப மறுத்து அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபச் சண்டையை முடித்தார். அந்த நாளின் தலைசிறந்த செயல் என்று நான் அதைத்தான் சொல்வேன். அன்று வந்திருந்த ஒரு தகப்பனார், மாங்காய் தரம் பிரிக்கிறவர், படம் முடிந்ததும் எழுந்து என் கையைப் பிடித்து, "தம்பி, நீங்களும் நிறுத்துவீர்களா?" என்று கேட்டார். நிறுத்துவேன் என்றேன். எங்கள் கொட்டகையில் 14 வயதுக்குள் தலையில் அடிக்கும் பயிற்சி கிடையாது. மூக்கில் ரத்தம் வந்தால் அன்றைக்கு வீட்டுக்கு.

வீட்டில் தனியாகப் பார்ப்பதென்றால் எப்படிப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒலியை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர் பெரிய பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கிளவுஸில் பட்டு வீணான குத்துக்கெல்லாம் குரலை உயர்த்துவார். முதல் முறை தோற்கப்போகிறவரை மட்டும் பாருங்கள். அவர் எதைச் செய்ய முயல்கிறார், எந்தச் சுற்றில் அதைக் கைவிடுகிறார் என்று தெரிந்துவிட்டால், வென்றவர் என்ன செய்தார் என்பது தானாக விளங்கும். இரண்டாவது முறை இடுப்புக்குக் கீழே மட்டும். சிறிய செல்போன் திரையில் கால் தெரியாது. பஸ் செலவு செய்து இங்கே வாருங்கள்.

மாங்காய் சீசனிலும் நடக்குமா?

நடக்காது. மே பிறந்துவிட்டால் கொட்டகை முழுக்க மாங்காய்ப் பெட்டிகள்தான். சாக்குப் பைகளை அவிழ்த்துப் பரணில் போட்டுவிடுவோம். ஜூலை கடைசி வரை பயிற்சி தென்பெண்ணை ஆற்றோர மைதானத்தில், விடிகாலை ஐந்தரைக்கு. ஞாயிறு படமும் இல்லை. ஆகஸ்ட் முதல் ஞாயிறு என்ன போடுவது என்று இந்த முறை கேட்டபோது, அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் சான்செஸையே திரும்பக் கேட்டாள். கோமெஸின் காலை இன்னும் பார்க்கவில்லையாம்.